1279-இல் தோற்ற இரண்டு ராஜாக்கள்

செல்வராகவன் எழுதி இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வெளிவந்தது. அன்றைக்குப் பாதிப் படத்தில் குழம்பியவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு எங்கள் கம்பெனி பஸ்ஸில் நைட் ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் பையன்கள் தூங்காமல் செல்போனில் அதைப் பார்க்கிறார்கள். படம் வந்தபோது பள்ளிக்கூடம்கூடப் போயிராத பையன்கள் அவர்கள்.

நான் பாகலூர்க்காரன். படித்தது பி.ஏ. வரலாறு. வேலை செய்வது ஓசூர் சிப்காட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் சிஎன்சி ஆபரேட்டர் பேரிகைப் பக்கத்துப் பையன். வீட்டில் தெலுங்கு, வேலையிடத்தில் தமிழ், மாலூர் சந்தைக்குப் போனால் கன்னடம். அவன் ஒருநாள் கேட்டான்: “அண்ணா, அந்தச் சோழ ராஜா தன் பையனைக் கப்பல் ஏத்தி அனுப்பினது நெசமா?”

நெசமில்லை. ஆனால் பொய் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கற்பனை எங்கிருந்து முளைத்தது என்று பார்த்தால், அதன் வேரில் உண்மையான ஒரு போர் இருக்கிறது. அந்தப் போரின் இன்னொரு முனை எங்கள் கிருஷ்ணகிரி மலைகளுக்குள் வந்து முடிகிறது. அதை அவனுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சோழர் வீடு சரியத் தொடங்கிவிட்டது. மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். அவனுடைய மெய்க்கீர்த்தியே அதைப் பெருமையாகச் சொல்கிறது. அடுத்து, 1231 வாக்கில், மூன்றாம் ராஜராஜ சோழனை அவனுக்குக் கீழே இருக்கவேண்டிய காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். சோழச் சக்கரவர்த்தியை மீட்க துவாரசமுத்திரத்திலிருந்து, அதாவது இன்றைய ஹளேபீடிலிருந்து, போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் படை அனுப்ப வேண்டியிருந்தது. கடலூருக்கு அருகில் திருவந்திபுரம் கோயில் கல்வெட்டில் இந்தக் கதை விவரமாக இருக்கிறது. உதவிக்கு வந்த போசளர்கள் திரும்பிப் போகவில்லை. சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரைத் தலைநகராக்கிக்கொண்டு காவிரிக் கரையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் கட்டிய போசளேசுவரர் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது.

1279-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் இரண்டு பேரையும் சேர்த்து வீழ்த்தினான். ஒருவர் மூன்றாம் ராஜேந்திர சோழன். மற்றவர் கண்ணனூரிலிருந்த போசள ராமநாதன். ராஜேந்திரனுடைய ஆட்சியின் 33-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு அவர் பெயர் நின்றுவிடுகிறது. போர்க்களத்தில் இறந்தாரா, சிறையில் முடிந்தாரா, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஏறக்குறைய நானூறு வருடம் ஆண்ட ஒரு குலம், வாசல் கதவைச் சாத்துகிற சத்தம்கூடக் கேட்காமல் வெளியேறியிருக்கிறது.

ஸ்டோர்ஸ் வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின் கார்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கும் ரேக்கில் கைக்கு அகப்படும் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் வந்தால், அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் கட்டாயம் ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ராஜேந்திரன் அப்படி ஒரு வித்தியாசம். வரலாற்று ஆசிரியர் அந்த இடத்தில் பேனாவை மூடிவைக்க வேண்டும். சான்று இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க அவருக்கு உரிமை கிடையாது. கதைக்காரர் சரியாக அங்கேதான் பேனாவைத் திறக்கிறார்.

செல்வராகவன் அந்த இடத்தில் ஒரு கப்பலை விட்டார். பாண்டியர்களின் புனிதச் சிலையோடு சோழ இளவரசன் ஒருவன் கடல் கடந்து ஒளிகிறான். வியட்நாமை ஒட்டிய ஒரு தீவில் அந்த வம்சம் பல நூறு ஆண்டுகளாக வெளியுலகம் தெரியாமல் காத்திருக்கிறது. பசியில் வற்றிய உடம்பும் பழைய தமிழுமாக, தாய்மண்ணிலிருந்து தூதுவன் ஒருவன் வந்து அழைத்துப் போவான் என்ற நம்பிக்கையோடு.

ஏன் வியட்நாம் பக்கம்? இங்கேதான் வரலாறு கற்பனையின் கையைப் பிடித்து நடத்துகிறது. 1025-இல் முதலாம் ராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த ஊர்ப் பட்டியல் கடாரம் உட்பட வெட்டப்பட்டிருக்கிறது. படையெடுப்பு ஒருமுறை. வியாபாரம் பல நூறு வருடம். சுமத்ராவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழும் சீனமும் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. அங்கிருந்த சிவன் கோயிலைப் பற்றியது. அதன் ஆண்டு 1281. கவனியுங்கள், சோழர் ஆட்சி மறைந்து இரண்டே வருடம். சோழநாட்டுக்கு ராஜா இல்லாத நேரத்தில் சீனக் கரையில் தமிழர்கள் சிவனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து அங்கே போகும் கப்பல் வியட்நாம் கரையை ஒட்டித்தான் போகவேண்டும். படத்தில் வரும் தீவை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் அது இருக்கும் கடல், நம் ஆட்கள் புழங்கிய கடல்.

அந்தச் சிலையையும் பாருங்கள். தோற்றவனின் தெய்வத்தையும் முடியையும் கவர்ந்து வருவது அந்தக் கால வெற்றியின் அடையாளம். முதலாம் ராஜாதிராஜன் கல்யாணபுரத்திலிருந்து தூக்கிவந்த துவாரபாலகர் சிலை, எங்கிருந்து வந்தது என்ற எழுத்துப் பொறிப்போடு இன்றும் தஞ்சையில் இருக்கிறது. இதைவிட நெருக்கமான ஒன்றும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டியன் தன் குலத்தின் முடியை ஈழத்து மன்னனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். பராந்தகன் படை அனுப்பியும் அது கிடைக்கவில்லை. சுமார் நூறு வருடம் கழித்து முதலாம் ராஜேந்திரன்தான் ஈழத்தில் அதைக் கைப்பற்றினான். அவன் மெய்க்கீர்த்தி அதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒரு தீவில் ஒளித்துவைத்த குலச்சின்னத்தைப் பகைவன் தலைமுறை தலைமுறையாகத் தேடுகிறான்: இது நடந்த கதை. படத்தில் சோழனும் பாண்டியனும் இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். செல்வராகவன் இதை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்பது என் கேள்வியே இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் பழைய நினைவுகள் இப்படித்தான் கதைக்குள் வேறு உடை போட்டுக்கொண்டு நுழைகின்றன.

கல்கியை இங்கே சொல்லாமல் தாண்ட முடியாது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலத்தைப் பறிமுதல் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. எதற்காகக் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. ரெவின்யூ உத்தரவுக்கு அது தேவையும் இல்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முழுவதும் அந்த ‘எதற்காக’ என்ற ஒரு கேள்வியைச் சுற்றித்தான் சுழல்கிறது. நந்தினி எந்தக் கல்லிலும் இல்லை. வந்தியத்தேவன் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவுக்கே வருகிறார். ஆனால் கரிகாலன் பாண்டியன் தலை கொண்டவன் என்பது கல்வெட்டு தரும் செய்தி. தலை கொய்யப்பட்ட அந்தப் பாண்டியனுக்காக அழ ஒரு பெண் இருந்திருக்க வேண்டும் என்று கல்கிக்குத் தோன்றியது. நந்தினி பிறந்த இடம் அது. (கல்கி தன் தலைவராக வரித்துக்கொண்ட ராஜாஜி எங்கள் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர். இந்தப் பக்கத்துக்காரன் என்ற முறையில் அதைச் சொல்லிக்கொள்ள ஆசை.)

கல்கி கால்களைத் தரையில் ஊன்றி எழுதியவர். முழு உலகத்தையே புதிதாகக் கட்டியது ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’. 1997-இல் வெளியான நாவல். அப்படி ஒரு நகரம் எங்கும் இல்லை. ஆனால் அந்தக் கோயிலில் கிடக்கும் பிரம்மாண்டமான மூர்த்தியை வைணவர்கள் பெருமாள் என்கிறார்கள், காட்டு மக்கள் தங்கள் மூதாதை என்கிறார்கள். இடையில் பௌத்தம் வாதத்தில் வென்று நகரத்தைப் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களின் அடியில் புதைந்திருக்கும் மத வரலாற்றை ஒரே ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்திய கற்பனை அது. வரலாற்று நூலாக எழுதியிருந்தால் நூறு அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். அங்கே நகரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வெளிநாட்டிலும் வழி இதேதான். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1981-இல் இங்கிலாந்தின் வடக்கே ஹேட்ரியன் சுவரின் மேல் ஏறி நின்றார். கி.பி. 122-இல் ரோமானியர் கட்டத் தொடங்கிய எல்லைச் சுவர் அது. அந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று தெரியாமல் காவல் நின்ற ஒரு ரோமானியச் சிப்பாயாகத் தன்னை நினைத்துப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். 1996-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவல் வந்தபோது அந்தக் கல்சுவர் எழுநூறு அடி உயரப் பனிச்சுவராக எழும்பியிருந்தது. அதில் மோதிக்கொள்ளும் இரண்டு குடும்பங்களுக்கும் பின்னால் இருப்பது, 1455 தொடங்கி முப்பது வருடம் இங்கிலாந்தைப் பிய்த்துப் போட்ட யார்க், லங்காஸ்டர் குடும்பச் சண்டை. அந்தக் கதை டிவி தொடராக வந்தபோது, விருந்துக்குக் கூப்பிட்டுக் கொல்லும் கல்யாணக் காட்சியைப் பார்த்து எங்கள் பஸ்ஸே அலறியது. அதற்கும் மூலம் உண்டு: 1440-இல் எடின்பரோ கோட்டையில் டக்ளஸ் குடும்பத்து இளைஞனையும் அவன் தம்பியையும் விருந்துக்கு அழைத்துக் கொன்றார்கள்.

மார்ட்டின் புத்தகங்களில் படித்த போரை எழுதினார். டோல்கீன் தான் நின்ற போரை எழுதினார். 1916-இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்தவர். காய்ச்சலோடு ஊர் திரும்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீழ்ந்துபோகும் ஒரு மறைநகரத்தின் கதையை எழுதத் தொடங்கினார். அவருடைய நெருங்கிய பள்ளித் தோழர்கள் சிலர் அந்தப் போரிலிருந்து திரும்பவில்லை. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் தண்ணீருக்கு அடியிலிருந்து பிணங்களின் முகங்கள் மேலே பார்க்கும் ஒரு சதுப்பு நிலம் வரும். சோம் போருக்குப் பின் வட பிரான்ஸ் கிடந்த கிடப்பு அதில் ஓரளவு இருப்பதாக அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த மோதிரம் அணுகுண்டுதானே, வில்லன் ஹிட்லர்தானே என்று வாசகர்கள் கேட்டபோது கறாராக மறுத்துவிட்டார்.

இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ படப்பிடிப்பு 2007-இல் தொடங்கியது. படம் திரைக்கு வந்ததோ முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதத்தில். கடைசிக் காட்சிகளில் நவீனத் துப்பாக்கிகளோடு ஒரு ராணுவம், பட்டினியில் கிடக்கும் தமிழ் பேசும் மக்களை வளைத்துப் பிடிக்கிறது. ஆண்களைக் கொல்கிறது, பெண்களைச் சிதைக்கிறது. 2010 ஜனவரியில் அதைப் பார்த்த தமிழர் பலருக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டு நினைவுக்கு வரவில்லை; ஈழம்தான் வந்தது. கதை யோசித்தபோது ஆசிரியர் மனதில் என்ன இருந்ததோ, பார்த்தவர்கள் தங்கள் துக்கத்தை அதில் கொண்டுபோய் வைத்தார்கள். அது தவறு என்று நான் நினைக்கவில்லை. தோற்ற ஒரு இனம் கடைசித் துண்டு நிலத்தில் ஒதுங்கி நிற்பதை உண்மையாகக் கற்பனை செய்தால், அந்தப் படம் எந்த நூற்றாண்டுக்கும் பொருந்திவிடும். 1279 மார்ச்சில், அதே வருடம், சீனத்தில் சோங் வம்சத்தின் கடைசிச் சிறுவன் சக்கரவர்த்தியை மந்திரி தூக்கிக்கொண்டு கடலில் குதித்தார், மங்கோலியர் கையில் சிக்கக் கூடாது என்று. சோழ இளவரசனின் கப்பல் கற்பனை. இது நடந்தது.

இனி இரண்டாவது ராஜா.

பாண்டியனிடம் கண்ணனூரை இழந்த போசள ராமநாதன் கப்பல் ஏறவில்லை, மலை ஏறினான். அவன் தன் தலைநகரை அமைத்த இடம் குந்தாணி. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேப்பனப்பள்ளிப் பக்கம் சின்ன கொத்தூர் என்று தேடினால் கிடைக்கும்.

அவனுக்குப் பகை தெற்கே மட்டும் இல்லை. அப்பா சோமேசுவரன் உயிரோடு இருந்தபோதே நாட்டை இரண்டாகப் பிரித்து, துவாரசமுத்திரத்தை மூன்றாம் நரசிம்மனுக்கும், தமிழ்ப் பகுதியையும் கோலார்ப் பக்கத்தையும் ராமநாதனுக்கும் கொடுத்தார். வேறு வேறு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அப்பாவும் பாண்டியனோடு நடந்த போரில் போய்ச் சேர்ந்தார். காவிரி கையை விட்டுப் போனதும் ராமநாதனுக்கு மிஞ்சியது இந்த மேட்டுநிலம்தான். அதைக் காக்கவும் பெருக்கவும் சொந்தச் சகோதரனோடு சண்டை போட்டான். ஓசூர், கோலார், பெங்களூர் வட்டாரமெல்லாம் அண்ணன் தம்பிச் சண்டையின் களம். 1295 வாக்கில் ராமநாதன் இறந்தான். மகன் விசுவநாதன் சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தான். பிறகு நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் இரண்டு பாதியையும் ஒன்றாக்கிக்கொண்டான். அந்த வல்லாளன் கதையும் நல்லபடியாக முடியவில்லை. 1340-களின் தொடக்கத்தில் அதே கண்ணனூரில் மதுரை சுல்தானிடம் பிடிபட்டான். அவனைக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதை இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டு தாய், இரண்டு மகன், பிளந்த ராஜ்யம், தெற்கே பொன் வேய்ந்த கோயில்களோடு ஓங்கி நிற்கும் பாண்டியன். மார்ட்டினுக்கு இங்கிலாந்து கொடுத்ததில் எதுவும் இங்கே குறைவில்லை.

ஒரு வார விடுமுறையில் அந்தப் பையனின் பைக்கிலேயே பேரிகை வழியாகச் சின்ன கொத்தூர் போனோம். வழியெல்லாம் பசுமைக்குடில்கள், ரோஜாவும் குடைமிளகாயும். தள்ளிப் போகப் போக ராகிக் கொல்லை, புளியமரம், வெட்டிய கிரானைட் பாறை. ஊரில் பழைய கோயில்களும் நடுகற்களும் இருக்கின்றன. இந்த வட்டாரத்து நடுகல்லில் பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும். கீழே வீரன் சண்டை போடுகிறான். நடுவில் தேவமகளிர் அவனைத் தூக்கிப் போகிறார்கள். மேலே அவன் சிவலிங்கத்தின் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான். சாவுக்கு முன், சாவு, சாவுக்குப் பின் எல்லாம் ஒரே பலகைக் கல்லில்.

“எங்க ஊரு வேடியப்பன் கல்லு மாதிரியே இருக்கு அண்ணா. எங்க பாட்டி இதுக்குத்தான் பொங்கல் வைக்கும்,” என்றான்.

“அதுவும் இதே மாதிரி ஒரு ஆளுதான்டா. மாட்டைக் காக்கப் போயி செத்திருப்பான், இல்லேன்னா புலிகிட்ட.”

“ராஜாவுக்காகச் செத்தவங்க?”

“இந்த ரெண்டு ராஜாங்க சண்டையில செத்தவங்களும் இந்தப் பக்கத்துக் கல்லுல இருப்பாங்க. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பக்கத்துப் பக்கத்து ஊருக்காரங்களாத்தான் இருந்திருப்பாங்க.”

அவன் வெகுநேரம் பேசவில்லை. திரும்பும்போது கேட்டான், “இதை ஏன் அண்ணா யாரும் படமா எடுக்கல?”

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சோழனுக்குத் தஞ்சாவூர் இருக்கிறது, கல்கி இருக்கிறார், சினிமா இருக்கிறது. ராமநாதன் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே குழப்பம். கன்னட வரலாற்றுக்கு அவன் பிரிந்துபோன கிளை. தமிழ் வரலாற்றுக்கு வெளியிலிருந்து வந்தவன். ஆனால் பி.எல். ரைஸ் தொகுத்த ‘எபிகிராபியா கர்நாட்டிகா’வில் கோலார், பெங்களூர் தொகுதிகளைப் புரட்டினால் ராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் வரிசையாக வருகின்றன. கோயில்களுக்கும் மடங்களுக்கும் வரியை நீக்கிக்கொடுக்கும் ஆணைகள்கூட இருக்கின்றன. கர்நாடகத்து மாலூர் பாகலூரிலிருந்து கூப்பிடு தூரம். எழுநூறு வருடத்துக்கு முன்னால் அங்கே கன்னட வம்சத்து ராஜா ஒருவன் தமிழில் கல் வெட்டிக்கொண்டிருந்தான். இன்று பாகலூர் கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷையும் வந்து விழுவதைக் கேட்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஒரு கற்பனை உலகத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இங்கே கிடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நெல் விளையும் ஆற்றங்கரையில் அரசாண்ட அரசவை, ராகி விளையும் குன்றுக்குக் குடிபெயர்கிறது. ஸ்ரீரங்கத்துக் கோயில் மணியோசைக்குப் பழகிய அரண்மனைப் பெண்களுக்கு இங்கே ராத்திரியில் யானை பிளிறுகிறது. பாதிப் படைவீரர்களுக்கு எதிரணியில் மாமன் மச்சான். செத்த வீரன் கல்லுக்குள் நின்று ஊரைக் காக்கிறான் என்பது இங்கே நம்பிக்கை. கதை எழுதுபவர் கையில் அதுவே அந்த உலகத்தின் சட்டம் ஆகலாம்: எந்த ராஜாவுக்காகச் செத்தானோ அந்த ராஜா வந்து கேட்டாலும், கல்லுக்குள் இருப்பவன் இனி ஊர் சொல்வதைத்தான் கேட்பான் என்று ஒரு சட்டம். அப்படி ஒரு நாவலை நான் காசு கொடுத்து வாங்கி நாலு பேருக்குப் பரிசாகவும் தருவேன்.

பிறகும் இந்த எல்லை ஓயவில்லை. விஜயநகரம் போனபின் பாகலூர், பேரிகை, சூளகிரி என்று பாளையக்காரர்கள் வந்தார்கள். 1791-இல் கார்ன்வாலிஸின் படை திப்புவிடமிருந்து ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. அடுத்த வருட ஒப்பந்தத்தில் பாராமகால் கும்பெனி கைக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெட் என்ற சேலம் கலெக்டர் ஓசூர்க் கோட்டைக்குள் இங்கிலாந்தின் கெனில்வொர்த் மாளிகையைப் போல ஒன்றைக் கட்டினார். மனைவிக்காகக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அந்த மாளிகையின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1821-இல் வால்டர் ஸ்காட் எழுதிய ‘கெனில்வொர்த்’ என்ற சரித்திர நாவல். அவர்கள் ஊர்ச் சரித்திரமும் கதையும் ஏழு கடல் தாண்டி வந்து ஓசூரில் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழும்பி நின்று, இடிந்தும் போயிற்று. குந்தாணியின் கதை பக்கத்து ஊரைக்கூடத் தாண்டவில்லை.

கதை எழுத ஆசைப்படும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். டிராகனும் பனிச்சுவரும் நமக்கு வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை, தாராளமாக எழுதுங்கள். ஆனால் மார்ட்டின் சுவரின் மேல் ஏறி நின்ற பிறகுதான் சுவரை எழுதினார். கல்கி கல்வெட்டுகளையும் சரித்திர நூல்களையும் தேடித் தேடிப் படித்த பிறகுதான் நந்தினியைப் படைத்தார். சான்று எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தவருக்கே அதற்கு அப்பால் பாயும் உரிமை வருகிறது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை வைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே போய்ப் பாருங்கள். ஓசூர் மலைமேல் சந்திரசூடேசுவரர் கோயிலுக்குச் சாமி கும்பிடப் போகும்போது சுவரையும் பாருங்கள். அங்கே கல்வெட்டுகள் இருக்கின்றன.

எழுதாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பக்கம் நிலம் நாளுக்கு நாள் கைமாறுகிறது. லே-அவுட் போடுகிறார்கள், பாறை வெட்டுகிறார்கள், ரோடு அகலப்படுத்துகிறார்கள். ஏரிக்கரையிலோ கொல்லை ஓரத்திலோ வாளோடு நிற்கும் ஒரு ஆள் செதுக்கிய கல்லைப் பார்த்தால் துணி துவைக்கவும் வரப்பில் போடவும் விடாதீர்கள். போட்டோ எடுத்து, எந்த ஊர், யார் நிலம் என்று குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் சொல்லுங்கள். எழுத்து இருந்தால் அதன் மேல் சுண்ணாம்போ பெயிண்டோ பூசவேண்டாம் என்று கோயில்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பிள்ளை இந்த ராஜாவின் கதையைத் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுத உட்காரும்போது, அந்தக் கல் இடத்தில் இருக்க வேண்டும்.